வகுப்புக்கு ஒரு வலைப்பூ: எங்கெல்லாம் சறுக்கும்?

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வலைப்பூ என்றதும் பலர் முதலில் செய்வது ஆளுக்கொரு கணக்கு தொடங்கிக் கொடுப்பது. வேண்டாம். 13 வயது ஆகாத பிள்ளை தானாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுத் தொடங்கினால் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சம். வகுப்புக்கு ஒரே வலைப்பூ, ஆசிரியர் கையில் ஒரே கணக்கு, பதிவுகளை அவரே ஏற்றட்டும்.

அடுத்து படம். பிள்ளையின் முகம், அடையாள அட்டை, பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை, கீழே முழுப்பெயர், எல்லாம் ஒரே இடத்தில்! முகத்துக்குப் பதில் அவர்கள் வரைந்ததைப் போடுங்கள், பெயருக்குப் பதில் புனைபெயர் (அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், 'டைனோசர் 4ஆம் வகுப்பு' மாதிரி எதையாவது வைத்துக்கொண்டு அதற்கே ஒரு வாரம் சிரிப்பார்கள்). பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்அப் குழுவில் வரும் கட்டைவிரல் போதாது. தனிநபர் தரவு பற்றி 2023இல் வந்த நம் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது.

இதெல்லாம் எச்சரிக்கை. வலைப்பூவையே கொல்லும் தவறு வேறு: தலைப்பு. 'நூலகத்தின் பயன்கள்', 'மழைநீர் சேகரிப்பு' என்று கொடுத்தால் கட்டுரை நோட்டில் இருப்பதுதான் திரையிலும் வரும், அதை யார் படிப்பார்கள்? 2012இல் ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற 9 வயதுச் சிறுமி தன் பள்ளி மதிய உணவைப் படம் எடுத்து, பத்துக்கு எவ்வளவு மதிப்பெண், எத்தனை வாய் வந்தது, சாப்பாட்டில் எத்தனை முடி கிடந்தது என்று கணக்கு எழுதினாள். உள்ளூர் நிர்வாகம் படம் எடுக்கத் தடை போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பின்வாங்கியது. அந்த முடிக்கணக்கு எந்தப் பெரியவருக்கும் தோன்றியிருக்காது. நம் பிள்ளைகளையும் சத்துணவு முட்டையைப் பற்றியோ தண்ணீர்க் குழாயடிச் சண்டையைப் பற்றியோ எழுதவிட்டுப் பாருங்கள்.

எழுதியதை நாம் 'அழகாக்குவது' அதைவிட மோசம். எழுத்துப்பிழையைத் திருத்தலாம், சரி. "எங்க ஆயா சுட்ட பணியாரம் கல்லு மாதிரி இருந்துச்சு" என்பதை "என் பாட்டி சுவையான பணியாரம் செய்தார்" என்று மாற்றினால் ருசியும் போச்சு, உண்மையும் போச்சு. இன்னொன்று, குரல் தட்டச்சில் பேசவிட்டால் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கம் வந்து நிற்கலாம். முதலில் நோட்டில் எழுதட்டும், அப்புறம் தட்டச்சு.

பின்னூட்டங்கள் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே வெளிவரும்படி அமைத்துவிடுங்கள். சக மாணவர்கள் 'சூப்பர்' என்று எழுதினால் விடாதீர்கள், ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்கள். பணியாரம் ஏன் கல்லாச்சு என்று யாராவது கேட்டால்தான் அடுத்த பதிவு பிறக்கும்.

ஜூன் மாதம் ஆரவாரமாகத் தொடங்கிக் காலாண்டுத் தேர்வோடு நின்றுபோகும் வலைப்பூக்கள்தான் அதிகம், காரணம் எல்லாரும் எல்லா வாரமும் எழுத வேண்டும் என்ற பேராசை. 30 பேர் வகுப்பில் வாரம் மூன்று பேர் என்று முறை வைத்தால் ஒரு சுற்றுக்குப் பத்து வாரம், தாராளமாக முடியும். வருடக் கடைசியில் பதிவுகளை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, வலைப்பூவை வெளியார் பார்க்க முடியாதபடி மூடிவிடுங்கள்.