கடலூரில் அறிவுசார் குறைபாடுடையோருக்கு வாராந்திர விளையாட்டுப் பயிற்சி தொடங்கும் முறை

மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டி ஒருநாள் ஓட்டப்பந்தயம் வைத்து, சான்றிதழும் எவர்சில்வர் டப்பாவும் கொடுத்து அனுப்புவதை விளையாட்டுத் திட்டம் என்று சொல்ல முடியாது. கடலூரில் அது மழைக்காலம் என்பது ஒருபுறமிருக்க, ஆண்டு முழுவதும் ஓடாத ஒருவரை அன்று மட்டும் ஓடச் சொல்வதால் அவர் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. தேவைப்படுவது வாரத்திற்கு இரண்டு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி. குறிப்பாக, சிறப்புப் பள்ளியில் படிக்கும் வயது முடிந்தபின் வீட்டிலேயே இருந்துவிடும் இருபது, முப்பது வயதுக்காரர்களை மனத்தில் வைத்து அதைத் திட்டமிட வேண்டும்.

முதலில் இடம். அண்ணா விளையாட்டரங்கத்தின் ஒரு பகுதியைக் கேட்டு மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறும் 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவை அதில் குறிப்பிட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. தேவனாம்பட்டினம் கடற்கரையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். தசைகள் இயல்பை விடத் தளர்ந்திருப்பவர்களுக்கும் தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கும் உலர்ந்த மணலில் ஓடுவது கடினம். திடீரென்று தண்ணீரை நோக்கி ஓடக்கூடிய ஒருவரைப் பார்த்துக்கொள்வதிலேயே ஒரு தன்னார்வலரின் நேரம் முழுவதும் போய்விடும். ஆகவே சுற்றுச்சுவரும், தண்ணீர் வரும் கழிப்பறையும், நிழலும் உள்ள திடலே மேல். அது நகரப் பேருந்து செல்லும் வழியில் இருக்கட்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

நேரத்தை அமைப்பாளர்களின் வசதிக்காக அன்றிக் குடும்பங்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஞாயிறு காலை எல்லோருக்கும் ஓய்வு என்று நினைத்துக்கொள்கிறோம். மீன் விற்கும் தாய்மார்களுக்கு அதுதான் வியாபாரம் மிகுந்த வேளை. மாலை நாலரை மணிக்கு மேல் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். கத்திரி வெயில் நாட்களில் அதையும் இன்னும் தள்ளிப் போடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு ஒதுங்க ஒரு சமுதாயக் கூடமோ பள்ளிக் கூடமோ பேசி வைத்திருக்க வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனால் பழக்கம் அறுந்துவிடும், மறுபடி அழைத்து வருவது பெரும்பாடு.

அடுத்து மருத்துவத் தகவல், இதில் அவசரப்படவே கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவத்தில் உட்கொள்ளும் மருந்துகள், வலிப்பு வரலாறு, இதய நோய், ஒவ்வாமை, அவசரத்திற்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். டவுன் நோய்க்குறி (கூடுதல் குரோமோசோமால் பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாட்டு நிலை) உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். சிலருக்குக் கழுத்து எலும்பின் மேல் மூட்டு தளர்வாகவும் இருக்கும். மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை குட்டிக்கரணம், உயரம் தாண்டுதல், தலையால் பந்தை முட்டுதல், தண்ணீரில் தலைகீழாகப் பாய்தல் ஆகியவை அவர்களுக்கு வேண்டாம். வலிப்புக்குத் தரப்படும் டோபிரமேட் மாத்திரை வியர்வையைக் குறைக்கக் கூடியது என்பதால், அதை உட்கொள்பவரை நம் ஊர் வெயிலில் நெடுநேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. திடலில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க யாராவது ஓடி வருவார். அதனால் பயனில்லை என்பதைத் தன்னார்வலர்கள் அனைவருக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, வாயில் எதையும் போடாமல் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

நான்கு விளையாட்டு வீரர்களுக்கு ஒரு பயிற்றுநர் என்ற விகிதத்தைக் கடைப்பிடிப்பது நல்லது. உடற்கல்வி மாணவர்களும் கல்லூரித் தன்னார்வலர்களும் இதற்குக் கிடைப்பார்கள். பெண்களுக்கு உதவப் பெண் தன்னார்வலர் கட்டாயம். எந்தப் பெரியவரும் பங்கேற்பாளர் ஒருவருடன் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, பதிவேட்டில் பெயர் உள்ளவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பயிற்சி என்றதும் பலரும் நீளமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, அதுவும் இரண்டு மூன்று சொற்களில். சொன்னபின் செய்து காட்டி, பத்து விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் மறுபடி சொன்னால் அது அவருக்குப் புதிய கட்டளையாகி, முதலில் சொன்னதும் குழம்பிவிடும். நடை, உடல் தளர்த்தும் பயிற்சி, அன்றைய திறன், சிறிய ஆட்டம், தண்ணீர், விடைபெறுதல் என்ற வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் பின்பற்றினால், அடுத்து என்ன வரும் என்று தெரிந்த நிம்மதியிலேயே பாதிச் சிக்கல்கள் வராமல் போகும். விசில் சத்தத்தைத் தாங்க முடியாதவர்கள் இருப்பார்கள், கொடியசைத்தால் போதும். காலணி வாங்கித் தர யாரேனும் முன்வந்தால், கயிறு கட்டுவதற்குப் பதிலாக ஒட்டுப்பட்டை உள்ளதாகக் கேளுங்கள்.

தொடக்கத்திற்கு 50 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், மென்பந்து எறிதல் ஆகியவை போதும். இவற்றோடு, இலக்குப் பந்துக்கு மிக அருகில் தம் பந்துகளை உருட்டிவிடும் போச்சி ஆட்டத்தையும் சேர்ப்பது என் பரிந்துரை. 60 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட கெட்டித்தரை, அணிக்கு நான்காக எட்டுப் பந்துகள், இலக்காக ஒரு சிறு பந்து, அவ்வளவுதான். கோலி விளையாடிய கைக்கு அது சட்டென்று பிடிபடும், வேகமாக ஓட முடியாதவரும் அதில் வெல்ல முடியும்.

போட்டி வைக்கும்போது எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் பெரும் அநீதி. 1968-இல் சிகாகோவில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: வயது, பாலினம் ஆகியவற்றோடு போட்டிக்கு முன் நடக்கும் சோதனைச் சுற்றில் எடுத்த நேரத்தையோ தூரத்தையோ பார்த்து, மூன்று முதல் எட்டுப் பேர் வரை கொண்ட பிரிவுகளாகப் பிரிப்பது. ஒரு பிரிவில் முதல்வருக்கும் கடைசியானவருக்கும் உள்ள வேறுபாடு 15 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. ஒருவர் 50 மீட்டரைப் 10 விநாடியில் கடந்தால், அவருடன் ஓடுபவர் பதினொன்றரை விநாடிக்கு மேல் எடுப்பவராக இருக்கக் கூடாது. இதற்காகவே ஒவ்வொருவரின் நேரத்தையும் தூரத்தையும் எட்டு வாரத்திற்கு ஒரு முறை குறிப்பேட்டில் பதிய வேண்டும். எட்டு வயது நிறைந்தவர்கள் அந்த இயக்கத்தின் போட்டிகளில் பங்கேற்கலாம், மேல் வரம்பு இல்லை. இந்தியாவில் சிறப்பு ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பின் மாநிலக் கிளை வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

குறைபாடு இல்லாத இளைஞர்களையும் ஒரே அணியில் சேர்த்து ஆடவைக்க விரும்பினால், ஐவர் கால்பந்தில் குறைபாடுள்ள வீரர்கள் மூவர், குறைபாடு இல்லாத துணை ஆட்டக்காரர்கள் இருவர் என்ற கணக்கு பொருந்தும். துணை ஆட்டக்காரர்களே எல்லாக் கோல்களையும் அடித்துவிட்டால் அந்த அணியைக் கலைத்து மாற்றி அமையுங்கள்.

உங்கள் திடலில் நடக்கும் போட்டியில் ஒவ்வொரு பிரிவும் முடிந்த உடனேயே முதல் மூவருக்குப் பதக்கமும் மற்றவர்களுக்கு ரிப்பனும் அணிவித்துவிட வேண்டும். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால், மீதமுள்ள பிரிவுகளுக்கு அவர் அணிவிக்கட்டும்.