க்ரீம் மாற்றியும் அரிப்பு நிற்கவில்லையா?

பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வருவது அபூர்வம் இல்லை. பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சைதான் காரணம். சரியான மருந்து போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். ஆனாலும் மாதக்கணக்கில் அரிப்போடு இருப்பவர்கள் நிறைய பேர். கேட்டால் இந்த க்ரீம், அந்த மாத்திரை என்று பெரிய பட்டியலே சொல்வார்கள். பரிசோதனை மட்டும் ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

முதல் தவறு அதுதான். மெடிக்கல் ஷாப்பில் நின்று விவரம் சொல்ல வெட்கம். அதனால் ‘அரிப்புக்கு ஏதாவது க்ரீம் கொடுங்க’ என்று கேட்டு வாங்கி வருவது. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஈஸ்ட் தொற்று என்று தாங்களாகவே முடிவு செய்து மருந்து வாங்க வந்த பெண்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அது உண்மையில் ஈஸ்ட்டாக இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியா தொற்று அல்லது வேறு கோளாறு. சிலருக்குத் தொற்றே இல்லை.

ஈஸ்ட் என்றால் பொதுவாக அரிப்பும் எரிச்சலும் இருக்கும், வெள்ளைப்படுதல் திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக இருக்கும், நாற்றம் இருக்காது. மீன் வாடை வந்தால் பாக்டீரியா தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். மஞ்சள் பச்சையாக, நுரையோடு வந்தால் ட்ரைகோமோனாஸ் என்ற பாலுறவால் பரவும் தொற்றாக இருக்கலாம். இவை இரண்டுக்கும் பூஞ்சை மருந்து ஒரு பயனும் தராது. கண்ணால் பார்த்து மட்டும் உறுதி சொல்ல முடியாது என்பதால்தான் சாம்பிள் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு. கடைகளில் கிடைக்கும் பல க்ரீம்களில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். போட்ட இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் குறைந்துவிடும். ‘நல்ல க்ரீம்’ என்று பக்கத்து வீட்டுக்கும் பெயர் சொல்லி அனுப்புவோம். ஸ்டீராய்டு அடக்குவது நம் உடலின் எதிர்ப்பைத்தான், பூஞ்சையை அல்ல. நிறுத்தியதும் அரிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். நாள்பட்டால் அந்த இடத்துத் தோலும் மெலிந்துவிடும். வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று எதாவது இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

பாதியில் நிறுத்துவதும் இதே கணக்குதான். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மூன்றாம் நாள் அரிப்பு நின்றாலும் ஏழு நாளும் போட வேண்டும். மாதவிலக்கு வந்துவிட்டதே என்று நிறுத்துபவர்களும் உண்டு; அதற்கு அவசியம் இல்லை, டேம்பன் மட்டும் வேண்டாம்.

கழுவுகிற விஷயத்துக்கு வருவோம். டெட்டால் கலந்த தண்ணீர், வாசனை போட்ட ‘இன்டிமேட் வாஷ்’, கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீர், மஞ்சள், வினிகர், பூண்டு எல்லாம் நடக்கிறது. ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் தோலில் இவை எரிச்சலைத்தான் கூட்டும். சில சமயம் தொற்று போன பிறகும் அரிப்பு நீடிப்பதற்கு இந்தக் கழுவலே காரணமாகிவிடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது.

நம் ஊரில் அதிகம் தவறவிடுவது சர்க்கரையை. திரும்பத் திரும்ப ஈஸ்ட் வந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் க்ரீம் மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமே இல்லை. சர்க்கரை நோய் இருப்பது இந்த அரிப்பை வைத்துத்தான் சிலருக்கு முதன்முதலில் தெரியவருகிறது. ‘எனக்கு சுகர் கன்ட்ரோல்லதான் இருக்கு’ என்பவர்கள் தங்கள் மாத்திரைப் பெயரைப் பார்க்க வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. ரத்தச் சர்க்கரை குறையும், ஆனால் அந்தச் சர்க்கரை சிறுநீரோடு வெளியே வந்து பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் இப்போது இவற்றைச் சாப்பிடுபவர்கள் அதிகம். ஆண்களுக்கும் இதனால் முன்தோலில் அரிப்பு வரும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்துகள் இவை என்பதால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

பூஞ்சைக்கு விழுங்கத் தரும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரையிலும் கவனம் தேவை. ஒரே மாத்திரை என்பதால் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். கிளிமிப்ரைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு இதனால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக் கசிவு ஆபத்து கூடும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை வேண்டாம். ஏழு நாள் க்ரீமோ உள்ளே வைக்கும் மாத்திரையோதான் வழக்கம், அதுவும் டாக்டர் சொன்ன பிறகு.

வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் அதை ஒவ்வொரு முறையும் புதிதாக வைத்தியம் செய்வதும் தவறு. அதற்கு வேறு திட்டம் இருக்கிறது: முதலில் கொஞ்சம் கூடுதல் நாள் சிகிச்சை, அப்புறம் ஆறு மாதம் வாரம் ஒரு ஃப்ளூகோனசோல். அதற்கும் அசையாவிட்டால் கல்ச்சர் (சாம்பிளில் உள்ள பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) செய்து எந்த வகை என்று பார்க்க வேண்டும். கேண்டிடா கிளாப்ராட்டா என்ற இன்னொரு வகை வழக்கமான மருந்துக்குச் சரியாக மசியாது. கணவருக்கு அறிகுறி இல்லையென்றால் பொதுவாக அவருக்கு மருந்து தேவையில்லை.

மாதவிலக்கு நின்ற வயதில் வரும் அரிப்பு பெரும்பாலும் ஈஸ்ட்டே கிடையாது. வறட்சியாக இருக்கலாம், அல்லது தோல் வெளுத்து மெலியும் லைக்கன் ஸ்க்லீரோசஸ் ஆக இருக்கலாம். பின்னதற்கு டாக்டரே ஸ்டீராய்டு க்ரீம் எழுதுவார், அங்கே அதுதான் சரியான மருந்து. அதைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு.

டாக்டரிடம் போகும்போது இதுவரை போட்ட எல்லா ட்யூப்களையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு முந்தைய இரண்டு நாளும் உள்ளே க்ரீம் எதுவும் வைக்காதீர்கள், சாம்பிளில் பூஞ்சை தெரியாமல் போய்விடும்.