விழுங்காதீர்கள், இழுங்கள்

என் அம்மா ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். காலையும் மாலையும் ஜன்னல் இல்லாத குசினியில் ஈர மிலாறை (வெட்டிய தேயிலைக் குச்சிகளை) ஊதி ஊதி எரித்த புகைதான் அவர் நெஞ்சைக் கெடுத்தது. சளியும் இளைப்பும் வந்தபோது, குளிருக்குத்தான் என்று ஐந்து வருடம் விட்டுவிட்டோம். மெஷினில் ஊதிப் பார்த்த பிறகுதான் சி.ஓ.பி.டி., அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். பழுதான நுரையீரல் பழையபடி ஆகாது. மேலும் பழுதாவதை மெதுவாக்கலாம்.

அதற்கு முதலில் புகையை நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட் குடிப்பவர் விட்டே ஆகவேண்டும். அதைவிடப் பெரிய வைத்தியம் இதில் இல்லை. கவ்வாத்து மிலாறை மழை படாமல் இஸ்தோப்பில் அடுக்கி, வளைத்தால் 'டக்' என்று ஒடியும்வரை காயவிடுங்கள். புகை போகக் கூரையோரம் வழி விடுங்கள். அடுப்பு மூட்டும் நேரம்தான் புகை அதிகம். அப்போது நோயாளியும் பிள்ளைகளும் வெளியே இருக்கட்டும். குளிருக்காகக் காம்பராவுக்குள் சட்டியில் கரி நெருப்பு வைப்பது வேண்டவே வேண்டாம்.

இனி மருந்து. அம்மாவுக்குக் கிளினிக்கில் கெப்சியூலும் ஒரு சின்னக் குழலும் கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் இளைப்புக் குறையவில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கெப்சியூலை வாயில் போட்டு, தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, வெறும் குழலை இழுத்துக்கொண்டிருந்தார்! குளிசை மாதிரி இருப்பதால் அப்படி நினைத்துவிட்டார். சரியாக விளக்காதது எங்கள் தவறும்தான். கெப்சியூலைக் குழலுக்குள் போட்டு, உள்ளிருக்கும் தூளை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அமுக்கும் பம்ப் என்றால் நேர்மாறு: குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அமுக்கியபடியே மெதுவாக இழுங்கள். இரண்டுக்கும் பிறகு பத்து வரை எண்ணி மூச்சைப் பிடியுங்கள். ஸ்டீரோயிட் மருந்தென்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் படரும். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் தாதியின் முன்னால் ஒருதரம் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு அறுபத்துநான்கு படி. அம்மா இப்போதும் ஏறுகிறார். நின்று மூக்கால் இழுப்பார், உதட்டைக் குவித்து, சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல மெதுவாக விட்டுக்கொண்டே இரண்டு படி வைப்பார். இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும். மூச்சு முட்டினால் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொள்ளலாம். பயந்து படுத்தே கிடந்தால் கால் பலம் போய் இளைப்பு இன்னும் கூடும். தினமும் கொஞ்சம் நடக்கட்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சளி கூடினாலோ மஞ்சள், பச்சையாக மாறினாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உதடு நீலமானால், ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், வழக்கமில்லாமல் தூங்கி விழுந்தால் 1990 அம்பியூலன்ஸுக்கு அடியுங்கள், காசு கேட்கமாட்டார்கள். கிளினிக் கொப்பியையும் பம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு, ஏறும்போதே சி.ஓ.பி.டி. என்று சொல்லிவிடுங்கள். இவர்களுக்கு ஒட்சிசனை அளந்துதான் கொடுக்க வேண்டும்.