புகைபோக்கியைப் பார்த்து எழுதும்போது சறுக்கும் சொற்கள்

அனல்மின் நிலையம் பற்றிய செய்தி என்றாலே ஒரு படம் வந்துவிடும். இடுப்பு சிறுத்த பெரிய கான்கிரீட் கோபுரம், அதன் வாயிலிருந்து வெள்ளை மேகம், அடியில் 'நச்சுப்புகை' என்ற குறிப்பு. அது குளிர்கோபுரம். வெளியே வருவது நீராவியும் நீர்த்துளிகளும்தான். எரிப்பில் பிறக்கும் வாயுக்கள் பக்கத்தில் ஒல்லியாக, பல இடங்களில் 200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் புகைபோக்கி வழியே போகின்றன. அங்கே பெரும்பாலும் கண்ணுக்கு எதுவும் படாது. அதை வைத்து 'புகையே இல்லை, மாசும் இல்லை' என்று எழுதுவது முதல் தவறைவிடப் பெரியது. கந்தக டை ஆக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நிறம் கிடையாது.

சொல் குழம்பினால் கருவியும் குழம்பும். இ.எஸ்.பி. என்பது துகள்களுக்கு மின்னேற்றம் தந்து தகடுகளில் ஒட்டவைக்கும் அமைப்பு. ஒழுங்காக இயங்கினால் சாம்பல் துகளில் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும், வாயுவைத் தொடாது. கந்தகத்தைப் பிடிக்க எஃப்.ஜி.டி. வேண்டும். அது சுண்ணாம்புக்கல் கூழால் வாயுவைக் கழுவும், ஜிப்சம் கிடைக்கும். ஆனால் அந்த வேதிவினையே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது! ஆகவே 'இ.எஸ்.பி. பொருத்தியாயிற்று, மாசு தீர்ந்தது' என்ற விளக்கத்தைப் படித்தால், எந்த மாசு என்று கேளுங்கள்.

கரித்தூளையும் சாம்பலையும் ஒன்றாக்குவது அடுத்தது. கரித்தூள் எரிவதற்கு முந்தையது, கறுப்பு. கப்பலிலிருந்து இறக்கும்போதும் குவித்து வைக்கும்போதும் பறக்கும். சென்னைத் துறைமுகத்தில் 2011இல் நிலக்கரி கையாள்வது நின்றதற்குக் காரணம் இதுதான். சாம்பல் எரிந்தபின் மிஞ்சுவது, வெளிர் சாம்பல் நிறம். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் படிந்தது இந்தச் சாம்பல். தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பும்போது கசிந்தது. புகார் மனுவில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் சோதனைக்கு வருபவர் தவறான இடத்தில் மாதிரி எடுப்பார்.

இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை என்பது பலருக்கும் மனப்பாடம். அதை அப்படியே நெய்வேலிக்குப் போடக்கூடாது. அங்கே எடுப்பது பழுப்பு நிலக்கரி: சாம்பல் மிகக் குறைவு, ஆனால் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதனால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் டன் எரிக்க வேண்டும்.

நெய்வேலியில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இன்னொரு சொல் நீர்மட்டம். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட ஆர்டீசியன் நீர் இருக்கிறது. அந்த அழுத்தம் சுரங்கத் தரையை உடைத்துவிடாதிருக்க ஓயாமல் இறைக்கிறார்கள். மேலே, ஊர்க் கிணற்றில் தெரியும் நீர்மட்டம் வேறு அடுக்கு. இரண்டுக்கும் தனித்தனிக் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். ஆழம் குறிப்பிடாத அளவீடு எந்த அடுக்கைச் சொல்கிறது என்றே தெரியாது.

எண்களுக்கு வருவோம். பி.எம். 10 என்பது காற்றில் மிதக்கும் 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள், பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டர் வரையிலானவை. முதலாவதற்குள் இரண்டாவது அடக்கம், இரண்டையும் கூட்டாதீர்கள். பி.எம். 2.5க்கு இந்திய வரம்பு 24 மணி நேரத்துக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 40 (ஒரு கனமீட்டர் காற்றில்). ஒருநாள் அளவை ஆண்டு வரம்போடு ஒப்பிடுவது தினமும் நடக்கிறது. காற்றுத் தரக் குறியீடு 100 என்றால் 100 மைக்ரோகிராம் அல்ல; பி.எம். 2.5இல் அது 60க்குச் சமம். கார்பன் ஒரு டன் என்றால் கார்பன் டை ஆக்சைடில் 3.67 டன். அறிக்கை எதைச் சொல்கிறது என்று பார்க்காவிட்டால் கணக்கு மூன்றரை மடங்குக்கு மேல் தவறும்.

மழைக்கும் ஒரு எண் உண்டு: பி.எச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு. 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும். ஆனால் 7க்குக் கீழே இருப்பதெல்லாம் அமில மழை அல்ல. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் தூய மழையே 5.6 அளவில்தான் இருக்கும். அளவுகோல் மடக்கை வகை என்பதால் 4.6 என்பது அதைவிடப் பத்து மடங்கு அமிலம்.