உப்புக்காற்று ஊரில் வீட்டுக்கு மதிப்புப் போடுவது எப்படி?

வீட்டை விற்க, பங்கு பிரிக்க, லோன் போட என்று எதற்குக் கிளம்பினாலும் நம் பக்கம் முதலில் கேட்பது "அங்க சென்ட் என்ன போகுது?" என்பதைத்தான். அது பாதிக் கணக்கு. வேல்யூவர், அதாவது சொத்துக்கு மதிப்புப் போட்டு அறிக்கை தருபவர், நிலத்துக்குத் தனியாக, கட்டடத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டுக் கடைசியில் கூட்டுவார். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம் எங்கள் அப்பா கட்டிய வீட்டை அண்ணன் எடுத்துக்கொண்டு எனக்கும் தங்கைக்கும் பணமாகத் தருவது என்று பேசியபோது, இந்தக் கணக்கை ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்த்தோம். மூன்று பேருக்கும் கணக்கு புரிந்ததால் பேச்சு சுமுகமாக முடிந்தது. அதனால்தான் வேல்யூவரைக் கூப்பிடும் முன்பே நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

முதலில், எதற்காக மதிப்பு என்று முடிவு செய்யுங்கள். வங்கி லோன் என்றால் வங்கியே தன் பட்டியலில் உள்ள வேல்யூவரை அனுப்பும், நீங்கள் தனியாக வாங்கிய அறிக்கை அங்கே எடுபடாது. பாகப்பிரிவினைக்கு எல்லாருக்கும் பொதுவான ஒருவரைப் பிடியுங்கள், ஆளுக்கு ஒருவரை அழைத்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். பழைய பூர்வீக வீட்டை விற்று வரி கட்டுபவர்களுக்கு இன்றைய மதிப்போடு 1.4.2001 அன்றைய மதிப்பும் தேவைப்படும். அந்த 2001 மதிப்பு அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் மதிப்பு) தாண்டக்கூடாது. ஆகவே எந்தத் தேதிக்கான மதிப்பு என்பதை வேல்யூவரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

அடுத்து அளவு. கிரயப் பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர், இன்ஜினியர் கையில் சதுர அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். பத்திரத்தில் 5 சென்ட் என்று இருந்து பட்டாவில் 2 ஏர் என்று இருந்தால் அது 4.94 சென்ட்தான். பத்திரம், பட்டா, நேரில் அளந்தது, இந்த மூன்றில் எது குறைவோ அதைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். பட்டாவும், மனையின் அளவைக் காட்டும் புலப்படமும் இணையத்திலேயே கிடைக்கும். வில்லங்கமும் அப்படியே பார்த்துவிடலாம்.

அளக்க லேசர் மீட்டர் வீட்டுக்குள்ளே அருமை. வெளியே நம் வெயிலில் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, அங்கே 30 மீட்டர் டேப்தான் சரி. துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். கட்டடத்தை வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளக்க வேண்டும். சன்ஷேடு இந்தப் பரப்பில் சேராது.

நில விலைக்கு வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை தளத்தில் தெரு வாரியாக, சர்வே எண் வாரியாகப் பார்க்கலாம். ஆனால் அது முத்திரைத்தாள் கட்டுவதற்கான மதிப்பு, சந்தை விலை அதற்கு மேலேயும் இருக்கும், சில இடத்தில் கீழேயும் இருக்கும். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய மனைகள் நிஜமாக என்ன விலைக்குப் போயின என்று விசாரித்து, அதில் கூட்டிக் குறைப்பதுதான் வேல்யூவர் செய்யும் வேலை. மதுரை-ராமேஸ்வரம் ரோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே, வண்டி திரும்புமா, போர்வெல்லில் நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்று எல்லாம் பார்ப்பார்கள். ஒரே தெருவில் தண்ணி மாறினால் விலையும் மாறும்.

கடல் தெரிகிற மனை என்று கூடுதலாகச் சொன்னால் உடனே நம்ப வேண்டாம். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று தெரியாத காலி மனைக்கு, உள்ளே இருக்கும் மனையின் விலையை ஒப்பிட்டுப் போட்டால் கணக்கு தப்பிவிடும்.

இனி கட்டடம். எங்களுக்கு ரொம்ப நேரம் பிடித்தது இந்த இடம்தான். இன்று இதே வீட்டைக் கட்ட என்ன ஆகும் என்று முதலில் போடுவார்கள், பிறகு வயதுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். கான்கிரீட் வீட்டுக்கு 60 வருஷ ஆயுள், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைப்பது வழக்கம். மீதி 90 சதவீதத்தை 60ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 1.5 சதவீதம். கணக்குக்காக மட்டும் ஒரு உதாரணம்: 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 1,800 ரூபாய், மொத்தம் 18 லட்சம். வயது 20 என்றால் 30 சதவீதம் கழிந்து 12.6 லட்சம் நிற்கும்.

ஆனால் அந்த 60 வருஷம் நம் கரையில் அப்படியே நிற்காது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து தள்ளி, காரை உப்பி விழும். கிணற்று உப்புத் தண்ணியில் கலவை போட்ட வீடுகளில் இது இன்னும் சீக்கிரம். அதே வீட்டின் ஆயுளை வேல்யூவர் 45 என்று எடுத்தால் தேய்மானம் 40 சதவீதம், கட்டடம் 10.8 லட்சம். ஒரே ஒரு எண்ணில் 1.8 லட்சம் வித்தியாசம்! அதனால் ஆயுள் எத்தனை வருஷம் எடுத்தீர்கள், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. கடல் பக்கத்துச் சுவரில் உள்ள சன்ஷேடின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், உப்பினது பொத்தென்று கேட்கும். கம்பி போகும் நேருக்கு மயிரிழை விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது. பாத்ரூம் கூரை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடி, இவற்றையும் விடாதீர்கள். பெயின்ட் அடித்து மறைத்து வைப்பதில் பயனில்லை, பழகின வேல்யூவர் அங்கேதான் முதலில் தட்டுவார். மறைக்கும் காசில் காரையை உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்து பூசிவிடலாம், வீடும் நிற்கும்.

மாடியைப் பிறகு கட்டியிருந்தால் தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி வயது போடச் சொல்லுங்கள். கிணறு, செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், கேட் எல்லாம் தனி வரி. அறிக்கையில் சந்தை மதிப்புக்குக் கீழே அவசர விற்பனை மதிப்பு என்று குறைவான ஒன்றும் வரும். அது வங்கி தன் பாதுகாப்புக்காகக் கேட்பது, பங்கு பிரிக்கும் பேச்சில் அதை யாராவது எடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பின்சேர்க்கை: மீனவர் குடியிருப்புகளில் நத்தம் நிலத்தில் (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) இருக்கும் வீடுகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். நத்தம் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கட்டட மதிப்பு எவ்வளவு வந்தாலும் வங்கி தயங்கும், முதலில் தாலுகா ஆபீஸ் வேலையை முடியுங்கள்.

இன்னொன்று, கீழக்கரையில் உள்ளது போன்ற பழைய சுண்ணாம்புக் காரை வீடுகள். அவற்றுக்கு இந்த 60 வருஷக் கணக்கு பொருந்தாது. ஆயுள் தாண்டிவிட்டது என்று சொல்லிக் கட்டடத்துக்கு மிச்ச 10 சதவீதத்தை மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். தேக்குத் தூண், நிலை, கதவு ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக் கொடுத்து, மரத்துக்குத் தனியாக மதிப்புப் போடச் சொல்லுங்கள்.