குழந்தைக்குத் திடீரெனக் கை கால் இழுத்துக்கொண்டால்

பக்கவாதம் வயதானவர்களுக்கு வரும் நோய் என்றே செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் பலர் எண்ணுகிறார்கள். பிறந்த சிசு முதல் பதின்வயதுப் பிள்ளை வரை எவருக்கும் மூளையின் இரத்தக் குழாய் அடைபடலாம், அல்லது வெடித்து இரத்தம் கசியலாம். ஆகவே முகமோ கையோ காலோ திடீரென ஒரு பக்கம் செயலிழந்தால், காரணம் வேறு என்று மருத்துவர் சொல்லும்வரை பக்கவாதமாகவே கருதிச் செயல்பட வேண்டும்.

பெரிய பிள்ளையைப் பல் தெரியச் சிரிக்கவும், இரு கைகளையும் நீட்டிப் பிடிக்கவும், ஒரு வாக்கியம் பேசவும் சொல்லிப் பாருங்கள். சொன்னதைச் செய்யத் தெரியாத குழந்தையின் வலப்பக்கம் ஒரு கிலுகிலுப்பையை நீட்டுங்கள்; வலக்கை பாயிலேயே கிடக்க, இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து அதைப் பற்றுகிறதா என்று கவனியுங்கள். பிறகு இடப்பக்கமும் அவ்வாறே நீட்டுங்கள். குழந்தைகளுக்கு வலிப்பே முதல் அறிகுறியாகவும் வரக்கூடும். வலிப்பு நின்றபின் கை சோர்ந்திருப்பது வெறும் களைப்பா, அடைப்பா என்று பிரித்தறிவது வீட்டாரின் வேலையன்று.

மூளைச் சிரைகளில் இரத்தம் உறைவது இன்னும் மெதுவாக வெளிப்படலாம். காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ நீர் வற்றிய பிள்ளைக்கும், காதில் சீழ் வடியும் பிள்ளைக்கும் நாள்தோறும் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவை சேர்ந்தால் அன்றே காட்டுங்கள்.

கடைசியாகப் பிள்ளை நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி திணிப்பதும், 'உரம்' எடுப்பதும், வாயில் தண்ணீர் புகட்டுவதும் கூடாது. விழுங்கும் திறன் குறைந்திருந்தால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள், ஏனெனில் அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையா என்று வீட்டில் வாதிட்டு நேரத்தை இழப்பதைவிட, எங்கே உடனே ஸ்கேன் எடுக்க முடியும் என்று 108 ஊழியரிடமே கேட்பது நல்லது. முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேனில் அடைப்பு தெரியாமல் போகலாம். அறிகுறி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று தயங்காமல் கேளுங்கள்.

பிறவி இதயக் குறை, கடந்த ஓராண்டுக்குள் வந்த சின்னம்மை, கழுத்தில் பட்ட அடி ஆகியவற்றை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பல வாரம் ஆனபின்னும் அது மூளைத் தமனிகளைச் சுருக்கக்கூடும். ஒன்றரை வயதுப் பிள்ளை திண்ணையிலிருந்து விழுந்து, காயமே இல்லாமல், சற்று நேரத்தில் ஒரு கையைத் தூக்காமல் போவதும் உண்டு. சிறு விழுதல்தானே என்று அதை மறைக்க வேண்டாம்.

ஒரு வயது நிரம்பாத குழந்தை எப்போதும் ஒரே கையால் எடுத்தால், இடக்கைப் பழக்கம் என்று அப்பத்தா மகிழ்ந்தாலும், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறப்பை ஒட்டி நேர்ந்த பக்கவாதம் பெரும்பாலும் இப்படித்தான், மாதங்கள் கழித்து, மற்றொரு கையின் இறுக மூடிய விரல்களில் தெரியவரும்.