‘ஆங்க்ரி’ மட்டும் போதாது: மனத்தாங்கலுக்கான ஆங்கிலச் சொற்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த புதிதில் எல்லா மனத்தாங்கலுக்கும் ‘ஆங்க்ரி’ என்றே சொல்லி ஓட்டிவிடலாம். ஆனால் அது ஆறிப்போகும் கோபம். ஆறாததற்கு வேறு சொற்கள் உண்டு.

முதல் படி: அநியாயம் நடந்துவிட்டது என்ற நினைப்பு உள்ளுக்குள் நெடுநாள் புகைகிறதா? அப்படியானால் ‘ரிசென்ட்மென்ட்’. ஆள்மேல்தான் என்றில்லை, சட்டத்தின் மேலும் வரலாம். டர்பன் இருக்கும் நேட்டாலில், ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள்மேல் 1895 சட்டம் சுமத்திய ஆண்டுக்கு 3 பவுன் வரியை எண்ணிப் பாருங்கள். 1913இல் வேலைநிறுத்தமாக வெடிக்கும்வரை மனசுக்குள் கிடந்தது இதுதான். வினையாக்கினால் ‘ஐ ரிசென்ட் பீயிங் ட்ரீட்டட் லைக் திஸ்’. ‘ரிசென்ட் டு’ வராது.

இரண்டாம் படி: யார்மேல், எதற்காக என்று விரல் நீட்டிச் சொல்ல முடிகிறதா? அது ‘க்ரட்ஜ்’. கல்யாணத்துக்குக் கூப்பிடாத சித்தப்பாவை இன்னும் மன்னிக்காமல் இருப்பது இந்த வகை. நம் ‘கறுவுதல்’ பக்கத்தில் வரும். ‘ஷி ஹோல்ட்ஸ் எ க்ரட்ஜ் அகெய்ன்ஸ்ட் ஹர் அங்கிள்’ என்பார்கள். ‘ஐ க்ரட்ஜ் ஹிம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; வினையானால் பொருள் வயிற்றெரிச்சல் பக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாம் படி: கோபத்தில் நியாயம் இருந்து, அதை வெளிப்படையாகக் காட்டினால் ‘இண்டிக்னேஷன்’. கிறிஸ்தவ முறையில் நடக்காத இந்தியத் திருமணங்களை ஏற்க முடியாது என்று 1913இல் கேப் நீதிமன்றம் சொன்னதும், தில்லையாடி வள்ளியம்மை போன்ற பெண்கள் சிறைக்கே போனார்களே, அந்தக் கோபம். தனக்கு நேராமல் பிறருக்கு நேர்ந்த அநீதிக்கும் இது பொருந்தும். புகார்க் கடிதத்தில் எழுத என் ஓட்டு இதற்குத்தான்: ‘ரிசென்ட்மென்ட்’ என்று எழுதினால் சொந்தக் கடுப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அப்புறம் ‘பிட்டர்னஸ்’. ஒரு சம்பவத்தோடு நிற்காமல் ஆளின் பேச்சு முழுவதும் கசந்துபோவது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டை இழந்து, இந்தியர்களுக்கு ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் போன பெரியவர் ஒருவர் அரசு என்றாலே முகம் சுளித்தால் இந்தச் சொல்லைப் போடலாம்.

‘ராங்கர்’ பெரும்பாலும் எழுத்தில்தான். ‘விதவுட் ராங்கர்’ என்றால் பகை பாராட்டாமல். ‘அம்பரேஜ்’ என்றால் மனம் புண்பட்டுக் கோபித்துக்கொள்வது; பத்திரிகையில் கண்ணில் படும், ‘டேக்’ என்ற வினையோடு. பேச்சில் ‘டேக் அஃபென்ஸ்’ சொன்னாலே போதும்.